மாமனாரின் எழுபதாவது பிறந்தநாளும் ஒரு தட்டு பச்சை மாட்டிறைச்சியும்

தென்கொரியாவின் சுவோன் நகரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். நாகர்கோவில் பக்கம் பிறந்தவர். முனைவர் பட்டத்துக்குப் படிக்கப் போன இடத்தில் ஒரு கொரியரை மணந்துகொண்டு, இப்போது நான்கு வயது மகளோடு, மாமனார் மாமியார் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறார். ஆளை அடையாளம் காணமுடியாதபடி கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

மாமனாருக்கு அடுத்த மாதம் எழுபது நிறைகிறது. ‘சில்சுன்’ என்று அதை அங்கே சிறப்பாகக் கொண்டாடுவார்கள். அவருக்கு உயிரான உணவு யுக்ஹ்வே. கொழுப்பில்லாத பச்சை மாட்டிறைச்சியைத் தீக்குச்சி கனத்தில் அரிந்து, சோயா சாஸ், சர்க்கரை, பூண்டு, வறுத்த எள்ளின் எண்ணெய் சேர்த்துப் பிசறி, அரிந்த பேரிக்காயோடு வைத்து, நடுவில் பச்சை முட்டையின் மஞ்சள் கருவை இட்டுப் பரிமாறுவது. “இந்தத் தடவை மருமகள் கையால்” என்று மாமியார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம். சகோதரிக்கு அதில் பெருமைதான். கூடவே பயமும்.

காரணங்களை அவரே வரிசையாக எழுதியிருக்கிறார். அவர் ஏழு வாரக் கர்ப்பிணி. கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. கர்ப்பம் தெரியவரும் முன், பதினாறு நாட்களுக்கு முன்பு, சியோலின் குவாங்ஜாங் சந்தையில் இரண்டு வாய் யுக்ஹ்வே சாப்பிட்டிருக்கிறார். மாமனார் முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டும் ஸ்டீராய்டும் எடுப்பவர். மகள் தாத்தா தட்டில் என்ன இருந்தாலும் கை நீட்டுவாள். மாமியாரோ, “முதல் தர ஹானு (கொரிய நாட்டு இன) மாடு, இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்துவிடலாம், பூண்டும் சோஜு மதுவும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும், நாங்கள் அறுபது வருஷமாகச் சாப்பிடவில்லையா” என்கிறார். நாகர்கோவிலில் இருக்கும் அம்மாவுக்கு, பச்சை மாட்டுக்கறி தின்றால் மூளையில் புழு வரும் என்ற கவலை. தம்பிக்கு அதைச் செய்துபார்க்க செய்முறை வேண்டும். “முடியாது என்று சொன்னால் எங்கள் சாப்பாடு இவளுக்கு அருவருப்பு என்று நினைத்துவிடுவார்கள். சரி என்றால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்று தூக்கம் வரவில்லை. நான் என்ன செய்ய?” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

சாப்பிட்டுவிட்ட அந்த இரண்டு வாயைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது.

பச்சை மாட்டிறைச்சியில் மிகவும் அஞ்சவேண்டியது நச்சு சுரக்கும் ஈ.கோலை என்ற கிருமி. அது வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் மூன்று நான்கு நாளில், அதிகம் போனால் பத்து நாளில் வேலையைக் காட்டிவிடும். உங்களுக்குப் பதினாறு நாள் ஆகிவிட்டது, வயிற்றுப்போக்கு இல்லை, வலி இல்லை என்கிறீர்கள். அந்தக் கணக்கை முடித்துவிடலாம். மிச்சம் இரண்டு இருக்கின்றன. ஒன்று லிஸ்டீரியா. கர்ப்பிணிகளுக்கு இது சில வாரம் கழித்தும், அரிதாகப் பத்து வாரம் வரை தாமதித்தும் காய்ச்சலாக வரலாம். வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் இந்த நாட்களில் காய்ச்சலோ சளிக்காய்ச்சல் போன்ற உடல்வலியோ வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்; அன்றே மருத்துவரிடம் போய், பச்சை இறைச்சி சாப்பிட்டதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று டாக்ஸோபிளாஸ்மா. பூனையோடு சேர்த்துப் பேசப்படும் அதே ஒட்டுண்ணிதான், ஆனால் சரியாக வேகாத இறைச்சி வழியாகவும் வரும். ஆட்டிறைச்சி, பன்றியிறைச்சியை ஒப்பிட்டால் மாட்டிறைச்சியில் உயிரோடு இருப்பது குறைவு. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு அது முதன்முறையாகத் தொற்றினால், குழந்தைக்குக் கடப்பது அபூர்வம். கடந்துவிட்டால் பாதிப்பு கடுமையாக இருக்கும். அதனால் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இதற்கான ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என்று இரண்டு எதிர்ப்புரதங்களையும் பார்ப்பார்கள். தொற்றியிருந்தாலும் அவை ரத்தத்தில் தெரிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும் என்பதால், இப்போது ஒருமுறை, மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொருமுறை பார்ப்பது நல்லது. பல வருடம் முன்பே தொற்றி ஐ.ஜி.ஜி. மட்டும் இருந்தால் கவலையே இல்லை. புதிய தொற்று என்று தெரிந்தாலும் அதற்கு மருந்து உண்டு. இரண்டு வாய் சாப்பிட்ட குற்ற உணர்ச்சியோடு ஏழு மாதத்தைக் கடத்தாதீர்கள். பரிசோதனையை எடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

அம்மாவின் பயம்

உங்கள் அம்மா சொல்லும் மூளைப் புழு பன்றியின் நாடாப்புழு வகையைச் சேர்ந்தது. அதுவும் பன்றிக்கறி தின்பதால் நேரடியாக மூளைக்குப் போவதில்லை. அந்தப் புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து முட்டைகள் தண்ணீர், கீரை, கழுவாத கை வழியாக வாய்க்குள் போனால்தான் வரும். காய்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் அது வருவதை நம்மூர் மருத்துவர்கள் பார்த்திருக்கிறோம். மாட்டிறைச்சியில் வரும் நாடாப்புழு வேறு. அது குடலில் பல மீட்டர் நீளம் வளரும், கேட்கவே சங்கடமாக இருக்கும், ஆனால் மூளைக்கு ஏறாது, மாத்திரைக்குக் கட்டுப்படும். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் “பார்த்தீங்களா, பயமே இல்லை” என்று சொல்லிவிடாதீர்கள். அம்மாவின் பயம் நியாயமானதுதான், பயந்த இடம்தான் மாறிப்போயிருக்கிறது.

மாமியாரின் நம்பிக்கைகள்

உங்கள் மாமியார் நல்ல சமையல்காரர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. கொழுப்பில்லாத ‘உதுன்’ பகுதிதான் வேண்டும், நாருக்குக் குறுக்கே அரியவேண்டும், பேரிக்காயைச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டால் கறுக்காது என்று அவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பதெல்லாம் மிகச் சரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ‘சியுய்ஜோன்சோ’ என்ற கொரியச் சமையல் நூலிலேயே யுக்ஹ்வே இருக்கிறது. மெல்லிதாக அரிந்த இறைச்சியில் வெங்காயத்தாள், பூண்டு, மிளகு, எண்ணெய், தேன், பைன் கொட்டை, எள் சேர்க்கச் சொல்கிறது. இத்தனை தலைமுறை கைமாறி வந்த உணவை ஒரு டாக்டர் இங்கிருந்துகொண்டு “சீ” என்று தள்ளுவது மரியாதையில்லை. ஆனால் அவர் சொல்லும் பாதுகாப்புக் காரணங்களில் சில சரியில்லை. அவற்றைச் சொல்லியாக வேண்டும்.

தரம். கொரியாவில் மாட்டிறைச்சிக்குத் தரும் 1++, 1+, 1, 2, 3 என்ற தரங்கள் முக்கியமாக இறைச்சிக்குள் கொழுப்பு எப்படி இழையோடுகிறது, நிறம் எப்படி, பதம் எப்படி என்பதைப் பார்த்துத் தருபவை. கிருமி இருக்கிறதா என்று பார்த்துத் தருபவை அல்ல. யுக்ஹ்வேக்கு உயர்ந்த தரம் தேவைகூட இல்லை. பச்சையாகச் சாப்பிடும்போது கொழுப்பு நாக்கில் மெழுகாக ஒட்டும். நல்ல ஹானு மாடு, நல்ல தீவனம் என்பதும் உதவாது. இந்த ஈ.கோலை மாட்டின் குடலில் சாதாரணமாக வாழ்கிறது, மாட்டுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. நம் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் அந்த நச்சு ஒட்டிக்கொள்ள இடம் இருக்கிறது, மாட்டின் ரத்தக்குழாய்களில் அது இல்லை. அதனால் பார்க்க முழு ஆரோக்கியமாக இருக்கும் மாட்டின் தோலை உரிக்கும்போதும் குடலை எடுக்கும்போதும் அது இறைச்சியின் மேற்பரப்பில் பட்டுவிடலாம்.

ஃப்ரீசர். உறைய வைப்பது புழுக்களுக்கு எமன். மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் இருந்தால் நாடாப்புழுவின் குஞ்சுகள் செத்துவிடும். டாக்ஸோபிளாஸ்மாவும் பெரும்பாலும் போய்விடும். ஆனால் ஈ.கோலை, சால்மொனெல்லா, லிஸ்டீரியா மூன்றும் உறைந்து தூங்கிவிட்டு, உருகியதும் எழுந்துகொள்ளும். அறுபது வருடப் பழக்கம் ஃப்ரீசரை நம்புவது புழுவை நினைத்து. இன்று நம் கவலை பாக்டீரியா.

பூண்டும் சோஜுவும். கடையில் விற்கும் சோஜுவில் ஆல்கஹால் 16, 17 விழுக்காடு. கிருமி கொல்ல நாம் கையில் தடவும் திரவத்தில் 60க்கு மேல் இருக்கும். வயிற்றில் மற்ற சாப்பாட்டோடு கலந்தபின் அந்தப் பதினாறும் நீர்த்துப்போகும். பூண்டு, எள்ளெண்ணெய், வினிகர் எல்லாம் மணத்துக்கும் ருசிக்கும். அவ்வளவுதான்.

அப்புறம், “அறுபது வருஷமாக ஒன்றும் ஆகவில்லை.” இதை நம்மூரிலும் எத்தனையோ விஷயத்துக்குக் கேட்கிறோம். அவர் சொல்வது உண்மை. பெரும்பாலான தட்டுகளில் ஒன்றும் ஆகாது. உடல்நலமுள்ள நடுவயதுக்காரருக்கு ஏதாவது ஆனாலும் நாலு நாள் வயிற்றோட்டத்தோடு போய்விடும். அவர் அதை யுக்ஹ்வேயோடு முடிச்சுப்போடக்கூட மாட்டார். பிரச்சினை அந்தத் தட்டு ஒரு சின்னக் குழந்தையின் முன்னாலோ வயதானவர் முன்னாலோ வைக்கப்படும் நாளில்தான் தெரியும்.

2011 ஏப்ரலில் ஜப்பானில் அது தெரிந்தது. டொயாமா, ஃபுகுய், கனகாவா மாகாணங்களில் ஓர் உணவகக் குழுமத்தின் கிளைகளில் இதே உணவைச் சாப்பிட்ட 180க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அதில் ஆறு வயதுச் சிறுவர்கள் இருந்தார்கள், எழுபது வயதுப் பெண்மணி ஒருவரும் இருந்தார். ஈ.கோலையின் ஓ111, ஓ157 வகைகள்தான் காரணம். இறைச்சியின் வெளிப்புறத்தைச் சீவி எறியும் வேலையைச் செய்யாமல் விட்டிருந்தது பின்னால் வெளிப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஜப்பான் அரசு புது விதி கொண்டுவந்தது: பச்சையாகப் பரிமாறும் மாட்டிறைச்சியை முழுத் துண்டாக, மேற்பரப்பிலிருந்து 1 சென்டிமீட்டர் ஆழம் வரை 60 டிகிரியில் 2 நிமிடத்துக்குக் குறையாமல் சூடாக்கி, அப்புறம் அந்த வெந்த வெளிப்பகுதியைச் சீவிவிட வேண்டும். நீங்கள் கேட்ட “வீட்டில் எப்படிச் செய்வது” என்பதற்கு இதைவிடத் தெளிவான அடிப்படை எனக்குத் தெரியாது.

யார் தட்டில், யார் தட்டில் இல்லை

பத்து பதினோரு பேர் வருவார்கள் என்கிறீர்கள். அதில் மூன்று பேரைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள். இதில் பேரமே கிடையாது. “ஒரே ஒரு வாய், தாத்தா ஊட்டினார்” என்பதும் வேண்டாம். இந்தக் கிருமி நூற்றுக்கும் குறைவான எண்ணிக்கையில் உள்ளே போனாலே நோய் வரவைக்கும். ஒரு வாய்க்கும் ஒரு தட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து வயதுக்குள் உள்ளவர்களுக்குத்தான் அது சிறுநீரகத்தைச் செயலிழக்கவைக்கும் நிலைக்கு அதிகம் போகிறது. ஹெச்.யூ.எஸ். என்று அதைச் சொல்வோம். கொரியர்கள் அதை ‘ஹேம்பர்கர் நோய்’ என்பார்கள். 2020 ஜூனில் ஆன்சான் நகரின் ஒரு மழலையர் பள்ளியில் இந்த ஈ.கோலை பரவிக் குழந்தைகள் சிலர் டயாலிசிஸ் வரை போனது அங்கே எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆன்சான் உங்கள் சுவோனுக்குப் பக்கத்து ஊர். மாமியாரிடம் நீங்கள் ஐ.ஜி.எம்., ஓ157 என்றெல்லாம் பேச வேண்டாம், ஆன்சான் என்று சொன்னால் போதும்.

நீங்கள். குழந்தை பிறக்கும்வரை பச்சை இறைச்சி வேண்டாம், பச்சை முட்டை வேண்டாம். “கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து, பச்சையாகச் சாப்பிட்டால் தெம்பு” என்று யாராவது சொன்னால், மாட்டிறைச்சியின் இரும்பு வெந்தாலும் போய்விடாது என்று சொல்லுங்கள். இறைச்சியை அரியும் வேலையைக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். தொட்டே ஆகவேண்டும் என்றால் கையுறை போட்டுக்கொண்டு, முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். மசாலா கலப்பது, பேரிக்காய் அரிவது, தட்டை அலங்கரிப்பது எல்லாம் தாராளமாக உங்கள் கையால் நடக்கட்டும். ருசியில் பாதி அங்கேதான் இருக்கிறது.

மூன்றாமவர் மாமனார். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த இடம் இதுதான். யாருக்காகச் சமைக்கிறோமோ அவரே சாப்பிடக்கூடாதவர்களில் ஒருவர். மெத்தோட்ரெக்சேட்டும் ஸ்டீராய்டும் சேர்ந்து நோய் எதிர்ப்பைக் குறைக்கும். எழுபது வயது அதோடு சேர்கிறது. லிஸ்டீரியா, சால்மொனெல்லா போன்றவை இப்படிப்பட்டவர்களுக்கு ரத்தம் வரை பரவக்கூடும். நான் அவருடைய மருத்துவராக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அவர் சுயபுத்தியுள்ள பெரியவர், அவர் தட்டை அவரிடமிருந்து பிடுங்கும் உரிமை உங்களுக்கும் இல்லை எனக்கும் இல்லை. அவருக்கு உள்ள உரிமை, விஷயத்தைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது. மருந்து சாப்பிடத் தொடங்கியபோது பச்சை இறைச்சியைப் பற்றி யாரும் அவரிடம் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிறந்தநாளுக்கு முன்னால் அவர் மூட்டு மருத்துவரைப் பார்க்கப்போகும்போது மகன் கூடப்போய் இந்த ஒரு கேள்வியைக் கேட்கட்டும். பதில் மருத்துவர் வாயிலிருந்து வந்தால் அது மருமகளின் அருவருப்பாகத் தெரியாது. பிறந்தநாளுக்காக மருந்தை ஒரு வாரம் நிறுத்திப்பார்ப்பது போன்ற யோசனைகள் வீட்டில் எழுந்தால் உடனே தடுத்துவிடுங்கள். அது பச்சை இறைச்சியைவிடக் கெடுதல்.

செய்வதென்றால் இப்படிச் செய்யுங்கள்

மற்ற பெரியவர்கள் தெரிந்தே சாப்பிட விரும்பினால், ஆபத்தைக் குறைத்துச் செய்ய வழி இருக்கிறது. குறைக்கலாம் என்கிறேன், இல்லாமல் ஆக்கலாம் என்று சொல்லவில்லை. ஜப்பான் விதியை வெப்பமானி சகிதம் அச்சு அசலாக வீட்டில் செய்ய முடியாது. ஆனால் அதன் யோசனையைப் பின்பற்றலாம். முழுத் தசைத் துண்டில் பாக்டீரியா இருப்பது பெரும்பாலும் வெளியே, உள்ளே அல்ல.

கறிக்கடையில் முன்கூட்டியே யுக்ஹ்வேக்கு என்று சொல்லிவைத்து வாங்குங்கள். ‘உதுன்’ அல்லது ‘ஹோங்துக்கே’ (இரண்டும் கொழுப்பு குறைந்த பின்தொடைப் பகுதி), ஒரே கட்டியாக. கடைக்காரர் ஏற்கெனவே அரிந்து ‘யுக்ஹ்வேக்கு’ என்று சீட்டு ஒட்டி வைத்திருப்பது வசதிதான், ஆனால் அரிந்தபின் வெளிப்புறம் எது, உள்புறம் எது என்று பிரிக்க வழி கிடையாது. கொத்திய இறைச்சியும், மென்மையாக்க ஊசி குத்திய இறைச்சியும் அதே காரணத்தால் வேண்டாம். இறைச்சியோடு வரும் அட்டையில் உள்ள 12 இலக்க எண்ணைக் கைபேசியில் போட்டால் மாடு எப்போது வெட்டப்பட்டது என்று தெரிந்துவிடும். கொரியாவின் இந்த ஏற்பாடு எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. பிறந்தநாள் ஞாயிறு என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள், வார இறுதியில் புது இறைச்சி வருவது கடினம். வாங்கும் பொருட்களில் இதைக் கடைசியாக வாங்கி, ஐஸ் வைத்த பையில் கொண்டுவந்து, 4 டிகிரிக்கு மேல் போகாத ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இறைச்சியைக் குழாயடியில் கழுவ வேண்டாம். அதில் சுத்தமாவதைவிடச் சுற்றிலும் தெறிப்பதுதான் அதிகம். சமையல் தாளால் ஒற்றி எடுத்தால் போதும். பிறகு முழுக் கட்டியை எல்லாப் பக்கமும், முனைகளையும் மறக்காமல், நன்றாகச் சூடான சட்டியில் வாட்டுங்கள். வெளிப்புறம் ஒரு விரல் கனத்துக்குச் சாம்பல் நிறமாக வேண்டும். உடனே ஒரு பையில் போட்டு ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, முற்றிலும் வேறு கத்தி, வேறு பலகையில் அந்த வெந்த பகுதியைச் சீவி எடுங்கள். மறுபடி கத்தியையும் பலகையையும் மாற்றி, உள்ளே இருக்கும் சிவந்த பகுதியை அரியுங்கள். அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் மெல்லிதாக அரியவரும். ஃப்ரீசரின் உபயோகம் இங்கே அவ்வளவே. சீவி எடுத்ததில் கால் பங்குக்கு மேல் போய்விடும் என்று நினைத்து அதிகம் வாங்குங்கள். வீணாகாது. பிறந்தநாளுக்கு எப்படியும் மியோக்குக் கடற்பாசி சூப் வைப்பீர்கள், அந்தப் பானையில் போட்டுக் கொதிக்கவிடுங்கள்.

முந்நூறு கிராம் இறைச்சிக்கு ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எள்ளெண்ணெய், ஒரு தேக்கரண்டி பூண்டு விழுது, வெங்காயத்தாள், மிளகு, வறுத்த எள். பேரிக்காயை இறைச்சி தொடாத பலகையில் அரியுங்கள். வீடுகளில் பெரும்பாலும் தவறு நடப்பது இந்த இடத்தில்தான்: யுக்ஹ்வே சாப்பிடாத குழந்தைக்குப் பேரிக்காய்த் துண்டைக் கொடுக்கிறோம், அது இறைச்சிக் கத்தியில் அரிந்ததாக இருக்கும். எல்லாரும் உட்கார்ந்தபின் கலந்து, குளிர்ந்த தட்டில் வைத்து, அரை மணிக்குள் முடித்துவிடுங்கள். மிஞ்சினால் பத்திரப்படுத்திப் பச்சையாகச் சாப்பிடாதீர்கள், சட்டியில் போட்டு வதக்கிவிடுங்கள். முட்டை ஓட்டில் அச்சிட்ட எண்ணின் முதல் நான்கு இலக்கம் முட்டையிட்ட தேதி. புதிதாகப் பார்த்து எடுங்கள், விரிசல் விட்டதைத் தள்ளுங்கள். மஞ்சள் கருவை விட்டுவிட்டாலும் ருசி பெரிதாகக் குறையாது என்பது என் எண்ணம்.

சந்தையில் யுக்ஹ்வேயோடு இலவசமாக வைக்கும் பச்சை ஈரலும் இரைப்பையும் கணவருக்குப் பிடிக்கும் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் விடமாட்டேன். ஈரலில் கிருமி வெளியே மட்டும் இருப்பதில்லை, உள்ளேயும் இருக்கும். சீவி எடுக்க முடியாது. ஜப்பானில் 2012 ஜூலையிலிருந்து பச்சை மாட்டு ஈரல் விற்கவே தடை. பச்சை ஈரல் வழியாக வரும் உருளைப்புழுவின் குஞ்சுகள் கண் வரை போய்ப் பார்வையைக் கெடுப்பதைக் கொரிய மருத்துவர்களே நிறைய எழுதியிருக்கிறார்கள். யுக்ஹ்வே சாப்பிட்டாலும் ஈரலை அவர் நிறுத்திவிடட்டும்.

மேசையில் இரண்டாவது தட்டு

மாமனாரும் மகளும் நீங்களும் சாப்பிட, யுக்ஹ்வே தட்டுக்குச் சமமான கௌரவத்தோடு இன்னொன்று இருக்கவேண்டும். ஒதுக்கிவைத்த நோயாளி சாப்பாடாகத் தெரியக்கூடாது. அதற்கு வெளியே எங்கும் தேட வேண்டாம், கொரியாவிலேயே யுக்ஜோன் இருக்கிறது. அதே உதுன் இறைச்சியை மெல்லிய தகடாக அரிந்து, மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்துப் பொரிப்பது. ஜின்ஜு நகரின் யுக்ஜோன் பேர்பெற்றது, விருந்து மேசைக்கென்றே செய்யும் பண்டம். யுக்ஹ்வேயின் மணத்தைத்தான் மாமனார் தேடுவார் என்றால், அதே அளவில் இறைச்சியை அரிந்து முழுக்க வேகும்படி வதக்கி, ஆறியதும் அதே எள்ளெண்ணெய், பூண்டு, சோயாவில் பிசறி, பேரிக்காயோடும் பைன் கொட்டையோடும் வைத்துக் கொடுங்கள். ஜோன்ஜு பிபிம்பாப்பைக்கூடப் பச்சை இறைச்சியோடும் வதக்கிய இறைச்சியோடும் இரண்டு விதமாகத்தானே பரிமாறுகிறார்கள்? இறைச்சியின் நடுப்பகுதி 75 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தால் போதும் என்பது கொரிய அரசு மக்களுக்குச் சொல்லும் கணக்கு.

மாமியாரிடம்

மறுத்தால் அவமதிப்பாகும் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கர்ப்பிணி பச்சை மீனும் பச்சை இறைச்சியும் சாப்பிடக்கூடாது என்பது கொரிய மகப்பேறு மருத்துவமனைகளில் சொல்லும் சாதாரண அறிவுரை. உங்கள் மாமியாருக்கு விஷயம் தெரிந்தால் யுக்ஹ்வே தட்டை அவரே உங்கள் முன்னாலிருந்து எடுத்துவிடுவார். பன்னிரண்டு வாரம் முடியட்டும் என்று நீங்கள் காத்திருப்பது புரிகிறது. ஊருக்குச் சொல்வது வேறு, அவர் ஒருவருக்குச் சொல்வது வேறு. விருந்துக்கு ஒரு வாரம் முன்னால், சமையலறையில் நீங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது, “ஒமொனிம், இப்போதைக்கு உங்களுக்கும் எனக்கும் மட்டும்” என்று சொல்லிவிடுங்கள். அவர் உங்கள் பக்கம் வந்துவிட்டால் பேத்தியின் கையைப் பிடித்துக்கொள்ளவும், அண்ணன் தம்பி மனைவிமார் கேள்வியைச் சமாளிக்கவும் ஒரு ஆள் கிடைத்துவிடும்.

சொல்ல மனம் வரவில்லை என்றால் அதுவும் உங்கள் உரிமை. “டாக்டர் கொஞ்ச நாளைக்குப் பச்சையாக எதுவும் வேண்டாம் என்றிருக்கிறார்” என்று சொல்லுங்கள். இப்போது ஒரு டாக்டர் சொல்லிவிட்டேன், அதில் பொய் இல்லை.

தம்பிக்கு என் பதில் சுருக்கமானது: நாகர்கோவிலில் வேண்டாம். விடிகாலையில் வெட்டி, வெயில் ஏறும்வரை கொக்கியில் தொங்கும் இறைச்சி நன்றாகக் கொதிக்கும் குழம்புக்கானது. குளிர்ச்சி அறுபடாமல் வெட்டும் இடத்திலிருந்து தட்டு வரை வரும் ஏற்பாடு இல்லாத ஊரில், மேலே சொன்ன சீவும் வேலையும் காப்பாற்றாது. வதக்கிய யுக்ஹ்வேயின் செய்முறையை அனுப்புங்கள்.

விருந்துக்குப் பிறகு

சாப்பிட்ட யாருக்காவது ஒன்று முதல் பத்து நாளுக்குள் கடும் வயிற்றுவலி, நீராகப் போவது, அதில் ரத்தம் வந்தால் மருத்துவமனைக்குப் போகவேண்டும். வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரை கொடுக்காதீர்கள், நச்சு குடலிலேயே தங்கிவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம், இந்த ஈ.கோலையில் அது நிலைமையை மோசமாக்கக்கூடும். பேதி நின்றபின்னும் ஒரு வாரம் கவனியுங்கள். சிறுநீரகம் பாதிக்கப்படுவது பெரும்பாலும் பேதி தொடங்கி ஏழாம் நாள் வாக்கில்தான். முகம் வெளுப்பது, சிறுநீர் குறைவது, தோலில் சின்னச் சிவப்புப் புள்ளிகள், குழந்தை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் 119ஐ அழையுங்கள். இந்த நோயைக் கண்டுபிடித்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது கொரியச் சட்டம். சுகாதார அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். அது மாமியார் மேல் குற்றம் சாட்டுவதற்கு அல்ல, அதே இறைச்சி வேறு வீடுகளுக்கும் போயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. அதனால் இறைச்சி வந்த அட்டையை, அந்த 12 இலக்க எண்ணோடு, இரண்டு வாரம் எறியாமல் வைத்திருங்கள்.

உங்களுக்கே காய்ச்சல் வந்து தனியாக மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், வரவேற்பிலேயே முதலில் ‘இம்சின்’ என்று கர்ப்பத்தைச் சொல்லிவிட்டு, “யுக்ஹ்வே மொகோஸ்ஸோயோ”, சாப்பிட்டேன், என்று தேதியோடு சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கும் இரண்டு வரி எழுதுங்கள்.